சேதுச் சீமையின் வயலின்: குன்னக்குடி வைத்தியநாதன்

கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் நடுவே அமர்பவர் பாடகர். ஒரு பக்கத்தில் வயலின்காரரும் மறுபக்கத்தில் மிருதங்கக்காரரும் அமர்ந்திருப்பார்கள். நடுவில் இருப்பவர் வழிகாட்டுவார். பக்கத்தில் இருப்பவர்கள் அவ்வழியைப் பின்பற்றுவார்கள். அதனால்தான் அவர்கள் வாசிப்பதைப் பக்கவாத்தியம் என்று சொல்கிறோம். பாடகர் எந்த இராகத்தை எடுப்பார், எவ்வளவு நேரம் ஆலாபனை செய்வார், எந்தச் சொல்லில் நின்று ஸ்வரம் பாடுவார் என்பவை பக்கவாத்தியக்காரருக்குப் பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. அவருடைய கலை முழுவதும் ஒரே அடிப்படையின் மேல் நிற்கிறது. பிறர் குரலைக் கூர்ந்து கேட்பதுதான் அந்த அடிப்படை.

இவ்வாறு கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவர், பின்னாளில் திரைப்படங்களுக்கு இசையமைத்தார். அதற்கும் பின்னால் பக்கத்து இருக்கையை விட்டு எழுந்து மேடையின் நடுவே வந்து அமர்ந்தார். அவர்தாம் வயலின் வித்துவான் குன்னக்குடி வைத்தியநாதன். அவர் புகழ்பெற்றவர் என்பதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கை ஒரு கேள்வியை எழுப்புகிறது. சாஸ்திரிய இசையைப் பொதுமக்களிடம் கொண்டு செல்கிறவன் அந்த இசையை வளர்க்கிறானா, அல்லது அதன் தரத்தைத் தாழ்த்துகிறானா? அவர் வாழ்ந்த காலத்திலேயே சங்கீத உலகம் இக்கேள்வியைக் கேட்டது. இன்றைய மாணவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். அதற்கு அவர் பிறந்த மண்ணிலிருந்து தொடங்குவது நல்லது.

இன்றைய இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஆகிய மூன்று மாவட்டங்களும் 1985 வரை ஒரே இராமநாதபுரம் மாவட்டமாக இருந்தன. 1910-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் அமைத்த அம்மாவட்டம், கிழக்கே இராமேசுவரம் தீவு முதல் மேற்கே மலையடிவாரம் வரை பரந்து கிடந்தது. வானம் பார்த்த பூமி. கண்மாய்களை நம்பிய வேளாண்மை. கடலோரத்தில் மீனவர் குப்பங்கள், உப்பளங்கள், பனங்காடுகள். பார்வைக்கு வறண்ட சீமை. எனினும் இசைக்கு அங்கே வறட்சி இருந்ததில்லை. சேதுக்கரையைக் காத்தமையால் சேதுபதி எனப் பெயர் கொண்ட மன்னர்களும், அவர்களுடைய உறவினரான பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் போன்றவர்களும் புலவர்களையும் பாடகர்களையும் ஆதரித்தார்கள். மதுரையில் 1901-ஆம் ஆண்டில் தமிழ்ச் சங்கம் கண்டவர் இந்தப் பாண்டித்துரைத் தேவரே.

அந்தச் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவானாக விளங்கியவர் பூச்சி சீனிவாச ஐயங்கார். அவர் 1860-இல் தோன்றி 1919-இல் மறைந்தவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவர். பல வர்ணங்களையும் கீர்த்தனைகளையும் தில்லானாக்களையும் இயற்றியவர். காரைக்குடிக்கு அருகிலுள்ள அரியக்குடியில் 1890-இல் பிறந்த இராமானுஜ ஐயங்கார் அவரிடம் குருகுலவாசம் செய்து கற்றார். இன்று நாம் கேட்கும் கச்சேரிக்கு ஒரு திட்டமான அமைப்பைத் தந்தவர் அரியக்குடி என்று இசை வரலாற்றாளர் கூறுவர். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகள் பாடி, நடுவே விரிவான இராகமும் பெரிய உருப்படியும் அமைத்து, இறுதியில் துக்கடாக்களால் முடிக்கும் முறை அது. அந்த அமைப்பு இன்றுவரை பெரும்பாலும் மாறவில்லை. அதைத் தந்தவர் இந்தச் சீமையின் மகன் என்பதை மறத்தல் ஆகாது.

அரியக்குடிக்கு அண்மையில், காரைக்குடிக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குன்றக்குடி. மக்கள் வழக்கில் அது குன்னக்குடி. சிறு குன்றின்மேல் சண்முகநாதப் பெருமான் கோயில் கொண்டிருக்கிறார். அவ்வூரில் 1935-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் வைத்தியநாதன் பிறந்தார். தந்தையார் இராமசாமி சாஸ்திரி தமிழிலும் வடமொழியிலும் இசையிலும் புலமை பெற்றவர். அவரே மகனுக்கு முதல் ஆசானும் ஆனார். தமையன்மாரும் தமக்கைமாரும் பாட்டும் தாளமும் அறிந்த குடும்பம் அது. அந்த வீட்டில் இளைய பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்தது வயலின்.

வயலின் நம் நாட்டில் பிறந்த கருவி அன்று. ஐரோப்பியரோடு கப்பலில் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையை அடுத்த மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்று நம் இசைக்குப் பழக்கினார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்துவானாக விளங்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதில் வல்லவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நம்மவர்கள் இக்கருவியைத் தோளில் சாய்த்து நின்றுகொண்டு வாசிக்கவில்லை. தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலக்காலின் கணுக்கால் அருகே ஊன்றி, மறுமுனையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். அதனால் இடக்கை கருவியைத் தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டுத் தந்தியின் மேல் தடையின்றி ஊர்ந்தது. நான்கு தந்திகளையும் ஸட்ஜ பஞ்சமமாகச் சுருதி கூட்டினார்கள்.

ஓர் அந்நியக் கருவி இத்தனை விரைவில் நம் வீட்டுக் கருவி ஆனது எதனால்? இரண்டு காரணங்கள் உண்டு. வீணையில் மெட்டுகள் இருக்கின்றன. வயலினில் மெட்டுகள் இல்லை. ஆகவே ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரல் வழுக்கிச் செல்லலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய அசைவுகள் அனைத்தையும் காட்டலாம். கமகம் என்னும் அந்த அசைவுதான் நம் இசையின் உயிர். இரண்டாவது, மீட்டிய தந்தியின் நாதம் சிறிது நேரத்தில் தேய்ந்து மறையும். வில்லால் இழுக்கும் தந்தியின் நாதம் வில் ஓடும் வரையில் நிற்கும். மனிதனின் மூச்சுப் போன்றது அது. இவ்விரு குணங்களாலும் வயலின் மிடற்றிசைக்கு மிக நெருங்கிய கருவியாயிற்று. குன்னக்குடியின் பிற்காலச் சாதனை யாவும் இந்த நெருக்கத்தை எவ்வளவு தூரம் கொண்டு செல்லலாம் என்ற முயற்சியே.

பன்னிரண்டாம் வயதில் அச்சிறுவன் அரியக்குடி இராமானுஜ ஐயங்காருக்கே பக்கவாத்தியம் வாசித்தான். சேதுபதி அவையின் பூச்சி ஐயங்காரிடமிருந்து அரியக்குடிக்கு வந்த இசை, அரியக்குடியின் குரலிலிருந்து குன்னக்குடிச் சிறுவனின் செவிக்கு வந்தது. ஒரே சீமையில் மூன்று தலைமுறை. பின்னர் செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலிய பெரியவர்களுக்கும் அவர் வாசித்தார். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை, திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை ஆகிய நாகசுர மேதைகளோடும் மேடையில் அமர்ந்தார். நாகசுரத்தின் நீண்ட மூச்சும், கோயில் வீதியை நிறைக்கும் அதன் கம்பீரமும் அவருடைய வில்லில் பின்னாளில் ஒலித்ததற்கு இத்தொடர்பு ஒரு காரணமாகலாம்.

பக்கவாத்தியம் என்ன கற்றுத் தருகிறது? முதலில், சொல்லைக் கவனிக்கக் கற்றுத் தருகிறது. பாடகர் எந்த எழுத்தை நீட்டுகிறார், எதைக் குறுக்குகிறார் என்று அறியாமல் அவரைத் தொடர்ந்து வாசிக்க இயலாது. அடுத்து, இடைவெளியை நிரப்பக் கற்றுத் தருகிறது. பாடகர் மூச்சு வாங்கும் ஒரு கணத்தில் பாட்டின் இழை அறுந்துவிடாமல் வயலின் தாங்கிக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் அவர் மறுபடி வாயெடுக்கும்போது விலகி நிற்கவும் வேண்டும். மூன்றாவது, பாடகரின் பலத்தையும் பலவீனத்தையும் அறியக் கற்றுத் தருகிறது. ஒருவர் மேல் ஸ்தாயியில் ஒளிர்வார். மற்றொருவர் கீழ் ஸ்தாயியில் ஆழ்வார். இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரையிசைக்கு வேண்டியவையும் ஏறத்தாழ இவைதாம்.

அக்காலத்துத் திரையிசையின் நிலையையும் சிறிது அறிய வேண்டும். 1952-இல் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்க விரும்பினார். அந்த நோக்கம் உயர்ந்தது. ஆனால் அதன் விளைவாக அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தன. மக்கள் பாட்டைக் கைவிடவில்லை; நிலையத்தை மாற்றிக்கொண்டார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு நாடெங்கும் புகழ் பெற்றது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். சேதுக்கரை ஊர்களுக்கு அந்த ஒலிபரப்பு அடுத்த வீட்டுப் பேச்சைப் போலத் தெளிவாகக் கேட்டது. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பெற்ற பின்பு நம் வானொலியிலும் திரைப்பாடல் தனக்குரிய இடத்தைப் பெற்றது. சாஸ்திரிய இசை ஒரு கரையிலும் திரையிசை மறுகரையிலும் நிற்பதாகப் பலர் கருதிய காலம் அது. இரண்டுக்கும் இடையே பாலம் கட்ட வேண்டியிருந்தது. ஜி. இராமநாதன், கே. வி. மகாதேவன் போன்ற இசையமைப்பாளர்கள் அப்பணியைத் தொடங்கியிருந்தார்கள். குன்னக்குடி அதைத் தொடர்ந்தார்.

1967-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘கந்தன் கருணை’ வெளிவந்தது. அதற்கு இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். ஆயினும் அப்படத்தில் சூலமங்கலம் இராஜலட்சுமியும் பி. சுசீலாவும் இணைந்து பாடிய ஒரு முருகன் பாடல் குன்னக்குடியின் மெட்டு. பூவை செங்குட்டுவன் இயற்றிய அப்பாடல் இன்றும் முருகன் கோயில் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கிறது. அதைக் கேட்பவர்களில் பலருக்கு அதன் மெட்டு யாருடையது என்பது தெரியாது.

‘திருவிளையாடல்’ (1965), ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) போன்ற பெரும் படங்களை எடுத்த நாகராஜன், 1969-இல் ‘வா ராஜா வா’ என்ற சிறிய படத்தை எடுத்தார். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கு நடுவே வாழும் ஒரு சிறுவனைச் சுற்றிய கதை. அதற்கு இசையமைக்கும் பொறுப்பைக் குன்னக்குடியிடம் ஒப்படைத்தார். அந்த நட்பு நாகராஜனின் இறுதிக்காலம் வரை நீடித்தது. ‘திருமலை தென்குமரி’ (1970), ‘கண்காட்சி’ (1971), ‘அகத்தியர்’ (1972), ‘ராஜராஜ சோழன்’ (1973), ‘காரைக்கால் அம்மையார்’ (1973), ‘மேல்நாட்டு மருமகள்’ (1975) எனப் படங்கள் தொடர்ந்தன. பிற இயக்குநர்களின் படங்களுக்கும் அவர் இசையமைத்தார்.

கச்சேரி வித்துவான் ஒருவருக்குத் திரைப்பாடல் எளிதான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. மேடையில் ஓர் இராகத்துக்கு அரைமணி நேரம் கிடைக்கும். மெல்லத் தொடங்கலாம், ஒவ்வொரு ஸ்வரமாக நின்று கட்டலாம். திரைப்பாடலுக்குக் கிடைப்பது மூன்று அல்லது நான்கு நிமிடம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் அளவே பாட்டின் அளவாயிற்று. அந்தச் சிறு பொழுதுக்குள் இராகத்தின் முகம் தெரிய வேண்டும். சொல் விளங்க வேண்டும். கதையின் உணர்ச்சி கெடக் கூடாது. சங்கீதம் அறியாதவன் மறுநாள் முணுமுணுக்கவும் வேண்டும். ஆகவே பல்லவியின் முதல் பிடியிலேயே இராகத்தின் உயிர்நிலையான பிரயோகத்தை வைக்க வேண்டியிருக்கிறது. ஆலாபனையின் வேலையைச் சரணங்களுக்கு இடையே வரும் வாத்திய இசை சில நொடிகளில் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. பாடகர் மூச்சு வாங்கும் கணத்தை நிரப்பிப் பழகிய கைக்கு இந்த வேலை புதிதன்று.

‘திருமலை தென்குமரி’ அவருக்கு ஏற்ற களமாக வாய்த்தது. பல மொழி பேசும் மக்கள் ஒரே பேருந்தில் தலயாத்திரை செல்வது அதன் கதை. ஊருக்கு ஊர் தெய்வம் வேறு, மக்கள் வேறு, பாட்டின் சுவையும் வேறு. சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரல் இப்படத்திலும் அடுத்து வந்த படங்களிலும் அவருக்குப் பெருந்துணையாயிற்று. மேல் ஸ்தாயியில் சிறிதும் நடுங்காமல் நிற்கும் அக்குரலுக்கு எங்கே உச்சி வைக்க வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

‘அகத்தியர்’ படத்தில் ஒரு கட்டம் தனியே எடுத்துச் சொல்லத்தக்கது. தென்னாட்டில் ஊன்ற வந்த இராவணனை அகத்திய முனிவர் இசையினால் பிணித்து விலக்கினார் என்பது பழங்கதை. தொல்காப்பியப் பாயிரத்துக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியரும் இதனைக் குறிப்பிடுகிறார். சேதுக்கரை மக்களுக்கு இராவணன் அயலானல்லன். இராமன் அவனைக் கொன்ற பழி நீங்கச் சிவலிங்கம் வைத்து வழிபட்ட தலம் என்றே இராமேசுவரத்தை அவர்கள் அறிவார்கள். பகைவனாயினும் அவன் சிவபக்தன். வீணையைக் கொடியில் பொறித்த இசைவாணன். அத்தகையவனோடு நடக்கும் போட்டிக்கு எப்படி இசையமைப்பது? இராவணனுடைய இசையைத் தாழ்ந்ததாக அமைத்தால், அதை வென்ற அகத்தியருக்கும் பெருமை இல்லை. இருவரையும் சமமாக நிறுத்த வேண்டும்.

குன்னக்குடி அதை இராகமாலிகையாக அமைத்தார். டி. எம். சௌந்தரராஜன் இராவணனுக்கும், சீர்காழி கோவிந்தராஜன் அகத்தியருக்கும் பாடினார்கள். இராகமாலிகை என்பது ஒரே பாட்டில் பல இராகங்களை மாலையாகத் தொடுப்பது. இப்பாடலில் இராகத்தின் பெயர் பாட்டின் சொல்லிலேயே அமைந்து வரும். அப்பெயர் வரும் இடத்தில் இசையும் அந்த இராகத்துக்கு மாறிவிடும். இராகம் என்னும் சொல்லை மட்டும் கேள்விப்பட்டிருந்த இலட்சக்கணக்கானவர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வேறுபடுகிறது என்பதைத் திரையரங்கில் அமர்ந்து காதால் உணர்ந்தார்கள். இதைவிடச் சிறந்த இசைப் பாடம் ஒன்றை வகுப்பறையில் நடத்துவது அரிது.

அதே 1972-இல் சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த ‘தெய்வம்’ வெளிவந்தது. முருகன் தலங்களைச் சுற்றி அமைந்த நிகழ்ச்சிகளின் தொகுப்பு அது. இதில் வேறொரு புதுமை உண்டு. நடிகர் வாயசைக்க வேறொருவர் பின்னணி பாடுவதே திரைப்பட வழக்கம். இப்படத்திலோ பாடகர்களே திரையில் தோன்றிப் பாடினார்கள். மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள், சூலமங்கலம் சகோதரிகள், டி. எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் என ஒவ்வொருவரும் தம் இயல்பு மாறாமல் பாடினார்கள். ஒருவர் கச்சேரி வித்துவான். ஒருவர் பஜனை மரபினர். ஒருவர் திரைப் பாடகர். ஒரே அச்சில் எல்லாரையும் வார்த்துவிடாமல் அவரவர் குரலுக்கும் மரபுக்கும் ஏற்றபடி மெட்டு அமைத்ததில்தான் அந்தப் பழைய பக்கவாத்தியக்காரரின் செவி தெரிகிறது.

அப்படத்தின் பாடல்களை எழுதியவர் கண்ணதாசன். அவர் பிறந்த சிறுகூடல்பட்டியும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூரே. ஒரு சீமையின் கவிஞரும் அதே சீமையின் வயலின்காரரும் சேர்ந்து அமைத்தவற்றுள் மருதமலை முருகனைப் பற்றி மதுரை சோமு பாடியது தலையாயது. அதன் இராகம் தர்பாரி கானடா. வடநாட்டு மரபிலிருந்து வந்த அந்த இராகத்தில் காந்தாரமும் தைவதமும் நிதானமாக ஊசலாடும். கீழ் ஸ்தாயியில் அது ஆழ்ந்து ஒலிக்கும். கேட்போருக்கு ஒரு பெருமிதமும் ஏக்கமும் உண்டாகும். சோமுவின் கனத்த குரலுக்கு இதைவிடப் பொருத்தமான இராகம் கிடைப்பது கடினம். கச்சேரியில் பாடுவதுபோலவே அவர் ஸ்வரம் பாடவும் அப்பாடலில் இடம் தந்தார் குன்னக்குடி. இராகத்தின் பெயரறியாத பாமரனும் அதைக் கேட்டு உருகினான். பெயரறிந்த வித்துவானும் குற்றம் காண இயலவில்லை.

1973-இல் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். சிவாஜி கணேசன் சோழப் பேரரசனாக நடித்தார். அதே ஆண்டில் கே. பி. சுந்தராம்பாள் நடித்த ‘காரைக்கால் அம்மையார்’ வந்தது. ஒன்று அரசவையின் ஆரவாரம். மற்றொன்று பேயுருவை விரும்பி வேண்டிய அம்மையாரின் பக்தி. இரண்டுக்கும் இசையமைத்தவர் ஒருவரே.

1976 வாக்கில் தமிழ்த் திரையிசையின் போக்கு மாறியது. ‘அன்னக்கிளி’ வாயிலாக இளையராஜா வந்தார். புராணப் படங்களின் காலம் ஓய்ந்தது. 1977-இல் ஏ. பி. நாகராஜன் மறைந்தார். குன்னக்குடியின் திரைப்பணியும் குறைந்தது. ஆனால் அவருடைய வாழ்க்கையின் பெரிய திருப்பம் வேறிடத்தில் நிகழ்ந்தது. 1976-இல் அவர் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதை விடுத்துத் தனிக் கச்சேரிகளில் முழுக் கவனமும் செலுத்தத் தொடங்கினார். வயலினைத் தனித்து வாசிக்கும் மரபு அவருக்கு முன்பே இருந்தது. துவாரம் வேங்கடசாமி நாயுடு அதற்குப் பெருமை சேர்த்தவர். லால்குடி ஜெயராமன், டி. என். கிருஷ்ணன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகியோர் அவர் காலத்திலேயே கொடிகட்டிப் பறந்தவர்கள். அவர்களினின்றும் குன்னக்குடி சென்ற வழி வேறு.

அவர் தம் வயலினுக்குத் துணையாகத் தவிலை அழைத்தார். வலையப்பட்டி ஏ. ஆர். சுப்பிரமணியம் தவில் வாசிக்க, இருவரும் ஊர் ஊராகச் சென்றார்கள். தவில் திறந்தவெளிக்கு உரிய வாத்தியம், நாகசுரத்தின் இணை. மெல்லிய தந்தி வாத்தியத்தின் அருகே அதை வைத்தால் தந்தியின் ஓசை அமிழ்ந்துவிடும். ஒலிபெருக்கி வந்த பின்பே இந்தச் சேர்க்கை இயலுவதாயிற்று. நகரத்துச் சபாவில் சில நூறு பேர் நாற்காலியில் அமர்ந்து கேட்பார்கள். கோயில் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் மணலில் அமர்ந்திருப்பார்கள், நிற்பார்கள், நடுவே எழுந்து செல்வார்கள். அவர்களில் பலர் கச்சேரிக்கென்று வந்தவர்கள் அல்லர். சாமி கும்பிட வந்தவர்கள். அவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் இசைக்கு விறுவிறுப்பு வேண்டும், முகமலர்ச்சி வேண்டும். நெற்றி நிறைந்த திருநீறும், பெரிய குங்குமப் பொட்டும், வில்லோடு சேர்ந்து பேசும் முகமும் கொண்டு அவர் அதைச் செய்தார். கீர்த்தனைகளை வாசித்த பின் மக்கள் அறிந்த திரைப்பாடல்களையும் வாசிப்பார். சொல் இல்லாமலே சொல் கேட்பதுபோல, ஒவ்வோர் எழுத்தும் விளங்கும்படி வில் பேசும்.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் கண்ட கேள்வி எழுகிறது. சங்கீத விமரிசகர்களில் பலர் அவரைக் கடிந்தார்கள். கைதட்டலுக்காக வாசிக்கிறார் என்றார்கள். இயற்கை ஓசைகளைப் போலச் செய்து காட்டுவது வேடிக்கையே அன்றி சங்கீதம் அன்று என்றார்கள். திரைப்பாடலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவருவது முறையா என்று வினவினார்கள். இந்த விமரிசனத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஓசையைப் போலி செய்வதில் திறமை இருக்கலாம். ஆனால் அத்திறமையில் ரஸிகன் மயங்கி நின்றுவிட்டால் இராகத்தின் ஆழத்துக்குள் அவன் இறங்கமாட்டான். ஆரவாரமான கைதட்டல் கலைஞனை மேலும் மேலும் அதே வழியில் இழுக்கும் என்பதும் உண்மை.

ஆயினும் மறுபுறத்தையும் நோக்க வேண்டும். வாயிலில் நிற்பவனை உள்ளே அழைக்க யாரேனும் ஒருவர் வாயிலுக்கு வர வேண்டும் அல்லவா? திரைப்பாடலைக் கேட்க நின்ற கிராமத்து உழவன், அதற்கு முன் வாசித்த தோடியையும் கல்யாணியையும் சேர்த்தே கேட்டான். இலக்கணத்தைச் சிதைத்து அவனுக்கு இன்பம் தரவில்லை குன்னக்குடி. இலக்கணத்துக்குள் நின்றே அவனுக்கு விளங்கும் பகுதியை முன்னே வைத்தார். ‘தெய்வம்’ படத்துத் தர்பாரி கானடாவும் ‘அகத்தியர்’ படத்து இராகமாலிகையும் இதற்குச் சான்று. அவருடைய மேடை வேடிக்கைகள் காலத்தால் மறக்கப்படலாம். அந்தப் பாடல்கள் நிற்கின்றன. ஒரு கலைஞனை எடைபோடும்போது அவன் பெற்ற கைதட்டலையும், அவனுக்குப் பின் எஞ்சி நிற்பதையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதே நேர்மை.

மேலும் ஒன்று. பாமரருக்காகத் தரத்தைத் தளர்த்துகிறார் என்று பேசப்பட்ட இவரேதான், திருவையாற்றில் தியாகப்பிரம்ம மகோற்சவ சபையின் செயலாளராக 28 ஆண்டுகள் பணியாற்றினார். தியாகராஜ சுவாமிகளின் சமாதியில் ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆயிரக்கணக்கான இசைவாணர் கூடிப் பஞ்சரத்தின கீர்த்தனைகளை ஒருங்கே பாடும் விழா அது. கர்நாடக இசையின் மிக மதிப்புக்குரிய அந்த விழாவை ஆண்டுதோறும் குறைவின்றி நடத்திக் காட்டியவர் மரபைப் போற்றாதவராக இருந்திருக்க முடியாது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் செயலாளராகவும் அவர் தொண்டு செய்தார். 1983-இல் இசைவாணர் டி. என். சேஷகோபாலன் கதாநாயகனாக நடித்த ‘தோடி ராகம்’ என்ற படத்துக்கும் இசையமைத்தார். இராக ஆராய்ச்சி மையம் ஒன்றின் தலைவராக இருந்து, இசையால் நோய் தணியுமா என்ற வினாவிலும் ஆர்வம் காட்டினார். நல்லிசை மனத்தின் கலக்கத்தைத் தணிக்கும் என்பது பலரும் உணர்ந்ததே. இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று உறுதி கூறுவதற்கு மருத்துவச் சோதனைகள் வேண்டும். ஆர்வத்தையும் நிரூபணத்தையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது.

1993-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 2005-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று.

மாணவர்கள் அவருடைய வாழ்க்கையிலிருந்து பெறத்தக்கது யாது? வயலின் கற்பவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அன்று அது. பன்னிரண்டு வயது முதல் அவர் பிறர் பாடுவதைக் கேட்டார். கேட்டதால் சொல்லின் எடையை அறிந்தார். சொல்லின் எடையை அறிந்ததால் பாட்டுக்கு மெட்டமைக்க வல்லவரானார். பாடகரின் குரலை அறிந்ததால் ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவரிடமிருந்து பெற்றார். நடுவிடத்துக்கு வந்து அமரும் தகுதியைப் பக்கத்து இடமே அவருக்குத் தந்தது. இன்று தலைமையிடத்தை நாடுவோர் பலர். கேட்கும் இடத்தில் பொறுமையோடு அமர்வோர் சிலர்.

அவருடைய திரைப்பாடல் ஒன்று வானொலியில் வரும்போது அதை மூன்று முறை கேட்டுப் பாருங்கள். முதல் முறை பாடகரின் குரலை மட்டும் பின்பற்றுங்கள். அடுத்த முறை, குரல் ஓயும் இடங்களில் வாத்தியங்கள் என்ன சொல்கின்றன என்று கவனியுங்கள். மூன்றாம் முறை, முதல் அடியின் இசையை மட்டும் மனத்தில் நிறுத்தி, அந்த இராகத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையைத் தேடிக் கேளுங்கள். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது அப்போது புலப்படும். பூச்சி ஐயங்கார் சேதுபதியின் அவையில் பாடியதும், அரியக்குடி சபாக்களில் பாடியதும், குன்னக்குடி திரையிலும் திருவிழாப் பந்தலிலும் தந்ததும் வெவ்வேறு கால்வாய்கள், நீர் ஒன்றே. கண்மாய் நீரைக் கடைமடை வரை கொண்டு சேர்ப்பவனை நீர்கட்டி என்று அந்தச் சீமையில் அழைப்பார்கள். தலைமடையில் நீரைப் பெருக்குவது ஒரு தொண்டு என்றால், கடைமடைக்கு அதைக் கொண்டு சேர்ப்பதும் தொண்டே. குன்னக்குடி வைத்தியநாதன் செய்தது இரண்டாவது தொண்டு.